ஈரத்தில் ஓடிய கடிகாரம்

காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்து கரண்ட் எடுக்கிறேன் என்று சொல்கிற ஆளுக்கு முதலில் கிடைப்பது சிரிப்புதான். ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர்களே, அந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

கச்சிராயபாளையத்தில் மிக்ஸி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை எனக்கு. படித்தது எட்டாவது, மற்றதெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றது. ஒரு நாள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் ஒயர் பற்றவைக்க வந்தார். கையில் நகம் அளவு சிலிக்கான் வில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், இரண்டு பக்கமும் மெல்லிய உலோகப் பூச்சு. ஈரக்காற்று துளைக்குள் போனால் துளி மின்சாரம் பிறக்கும் என்றார். கல்வராயன் மலைப் பனியில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் ஒப்புக்கொண்டேன்.

நிபந்தனை ஒன்றுதான். ஒரு சின்ன எண் கடிகாரம் செல் இல்லாமல் நாற்பது நாள் ஓட வேண்டும். நடுவில் ஒருமுறை நின்றாலும் பன்னிரண்டிலிருந்து மறுபடி தொடங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நின்றால் மலைச் சோதனை அத்தோடு சரி. கடிகாரம் என் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தது. என் மனைவி வாங்கியது. அவள் இறந்துபோனபின் செல் தீர்ந்தது. நான் மாற்றவே இல்லை.

ஊதிப் பார்த்தது

வில்லையை மீட்டரில் கோத்து மெல்ல ஊதினேன். எண் குபுக்கென்று ஏறியது! நிறுத்தினால் இறங்கியது. மறுபடி ஊதினேன், மறுபடி ஏறியது. எத்தனை முறை ஊதினேனோ, நினைவில்லை. நிமிர்ந்தால், மிக்ஸி வாங்க வந்த தியாகதுருகத்து அம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன்.

"வெறும் மூச்சுக்கே கரண்டு வருதா? அப்ப எங்க வூட்டுக்காரரு பேச ஆரம்பிச்சா மோட்டாரே ஓடும்ங்க!"

துளை போட்ட பெட்டி

காற்று புகுந்து வர, பிளாஸ்டிக் பெட்டியில் சுற்றிலும் துளை போட்டிருந்தேன். மலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். உள்ளே கோழி இருக்கிறது, லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். திறந்து காட்டினேன். ஈரம், துளை, கரண்ட் என்று இரண்டு வளைவு தாண்டும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

"கோழின்னா முட்டையாவது போடும் பெரியவரே, இது இன்னா போடும்?"

இரண்டு மடங்கு

மலைமேல், பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட வெள்ளையம்மா என்பவர் வீட்டு இறவாணத்தில், கூரை விளிம்புக்குக் கீழே, அதை மாட்டினோம். செல் போடும் இடத்தில் வில்லையின் ஒயர்களைப் பற்றவைத்திருந்தேன். வெயில் நேரத்துக்குச் சேமித்து வைக்க ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்திருந்தேன். பனி இறங்கியது. வெறுமையாகக் கிடந்த கடிகாரத்தில் எண்கள் மெல்லக் கறுத்து எழுந்தன.

வாரம் தவறாமல் ஏறி மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆயுத பூஜை கழிந்து போனபோது கரண்ட் இரண்டு மடங்கு! மலையிலிருந்தே பேராசிரியைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை. "வெறும் ஈரத்துக்கு அவ்ளோ வராதுங்க ஐயா, பெட்டியைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தேன். வில்லையின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரச் சாந்து பட்ட இடத்தில் உலோகப் பூச்சு அரித்துப் பச்சை பூத்திருந்தது. அந்த அரிப்புதான் கரண்டாக வந்திருக்கிறது. ஓடிய நாட்கள் எல்லாம் கணக்கில் இல்லை. பேராசிரியை கொடுத்ததில் மிச்சம் ஒரே ஒரு வில்லை. அதுவும் கெட்டால் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். பொட்டு வைத்தது ஏன் என்று வெள்ளையம்மாவிடம் கேட்டேன்.

"அருவா, மம்முட்டி, தையல் மிஷினு எல்லாத்துக்கும் வெச்சேன்ணா. ஓடிக்கினு இருக்கிற பொருள உட்டுட்டா அது மனசு இன்னா ஆவும்?"

நாற்பதாம் நாள்

புது வில்லை போட்டு, பொட்டை மூடியின் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். கடிகாரத்தில் என் போன் காட்டிய மணியை வைத்துவிட்டு இறங்கினேன். மூன்றாம் வாரம் நான் ஏறியபோது மழை விட்டு வெயில் காய்ந்தது. எண்கள் வெளிறிப்போய்ச் சாயம் போன துணி மாதிரி தெரிந்தன. ஊதிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஊதவில்லை. ஊதினால் அது என் மூச்சு, மலைக்காற்று இல்லை. பொழுது சாய்வதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. எண்கள் மறுபடி கறுத்தன.

நாற்பதாம் நாள் பேராசிரியையே வந்தார். வில்லையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அரிப்பு இல்லை, பூச்சு பளபளவென்று இருந்தது. கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பவே இல்லை. போனில் பத்து இருபது, அதில் பத்துப் பதினெட்டு. "நிக்கவே இல்லைங்க ஐயா! பெட்டி இங்கயே இருக்கட்டும்!" என்று பேராசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெண்டு நிமிஷம் பின்தங்கிவிட்டதே என்று மட்டும் முணுமுணுத்தேன். வெள்ளையம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எங்க மலைக்கு பஸ்ஸே அரை மணி லேட்டாத்தான் வருதுண்ணா, ரெண்டு நிமிஷத்துக்கு அத இன்னாத்துக்குத் திட்டுறீங்க?"

ஒரு செல் மாற்ற மனம் வராத ஆள், அதற்குப் பதிலாக மூன்று மாதம் மலை ஏறி இறங்கியதைத்தான் இப்போது ஆராய்ச்சி என்கிறார்கள்.