தராசம்மாவின் இடது கை

கோப்பைத் திறப்பதற்கு முன் தலைவர் அதை இடது உள்ளங்கையில் ஏந்துவார். கண்களைப் பாதி மூடுவார். மணிக்கட்டு ஒரே ஒருமுறை மேலும் கீழும் அசையும். "முந்நூத்தி நாப்பது" என்பார். அதற்கு அப்புறம்தான் நாடாவை அவிழ்ப்பார்.

ஒன்பது வருடங்களாக உதவியாளர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூட்ட அறையில் தண்ணீர் வைப்பதும், கோப்புகளைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போவதும் அவள் வேலை. முதல் வருடம் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஒருநாள் கூட்டம் முடிந்ததும் ஒரு கோப்பைத் தபால் அறைக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காத நேரத்தில் தராசில் வைத்தாள். தலைவர் சொன்னது நானூற்றுப் பத்து கிராம். முள் நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அந்த இரண்டு கிராம் அவளை உறுத்தியது. கோப்பைப் புரட்டினாள். கூட்டத்தில் படிக்கும்போது உறுப்பினர் இன்ஜினியர் சார் அடையாளத்துக்காகச் செருகி மறந்துபோன ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு கிளிப்பும் உள்ளே இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டு வைத்தாள். முள் நானூற்றுப் பத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த இடது கை மேசையில் கிடந்தால்கூட அதன் பக்கத்தில் தண்ணீர்க் குவளையைச் சத்தம் வராமல்தான் வைப்பாள்.

தலைவர் வாரியத்துக்கு வருவதற்கு முன் முப்பத்தோரு வருடம் சந்தைகளில் எடைக்கல் சோதிக்கும் ஆய்வாளராக இருந்தவர். கடைக்காரர்கள் வைத்த பெயர் தராசம்மா. அது இங்கேயும் பின்னாலேயே வந்துவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தன் பையிலிருந்த அரசாங்க எடைக்கல்லை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுப்பாராம். "முதல்ல என் கல்லைப் பாரு. அப்புறமா உன் கல்லைப் பாக்குறேன்" என்பாராம். இதை இன்னொரு உறுப்பினரான கால்நடை மருத்துவர்தான் தேநீர் நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவுக்கு மளிகைக் கடை. "எங்கப்பா யமனுக்குப் பயப்படலை மேடம், உங்களுக்குத்தான் பயந்தாரு."

"நல்ல மனுஷன். அம்பது கிராம்தான் திருடுவாரு" என்றார் தலைவர்.

வாரியம் என்றால் வெளியில் இருப்பவர்கள் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். பொதுப் பணத்திலிருந்து ஊர்களுக்கும் சங்கங்களுக்கும் மானியம் கொடுக்கிற இடம். உள்ளே வந்து பார்த்தால் ஒரு நீள மேசை, 'கிரீச் கிரீச்' என்று முனகும் மின்விசிறி, ஒரு கால் குட்டையான நாற்காலி, தலைவரோடு சேர்த்து ஏழு உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது. பஸ்ஸில் வருகிறார்கள். கால்நடை மருத்துவர் கூட்டத்தின் நடுவிலேயே தூங்கிவிழுவார். இன்ஜினியர் சார் பேனா மூடியைக் கடிப்பார். முட்டி வலி, மகள் கல்யாணம், வீட்டுக்கூரை ஒழுகல் என்று எல்லார் வீட்டிலும் உள்ளதுதான் இவர்களுக்கும். ஆனால் இந்த மேசையில் ஏழு தலைகள் அசைந்தால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வருகிறது. காது கேட்காத குழந்தைக்கு டீச்சர் வருகிறார். காலிக் குவளைகளைத் தட்டில் அடுக்கும்போது, சற்று முன் இந்த அறையில் நடந்ததை நினைத்தால் உதவியாளருக்குக் கைரோமம் சிலிர்த்துக்கொள்ளும்.

தலைவரின் இன்னொரு வழக்கம் மறுப்புக் கடிதம். மானியம் கிடைத்தவர்களுக்குத் தட்டச்சு செய்த கடிதம் போகும். கீழே கையெழுத்து மட்டும். கிடைக்காதவர்களுக்கு அவரே கைப்பட எழுதுவார், முதல் வரியிலிருந்து கடைசி வரை. செயலாளர் ஒருமுறை, "எதுக்கு மேடம் இந்தச் சிரமம், அச்சடிச்சு வெச்சிருக்கோமே" என்றார்.

"காசு கெடைச்சவனுக்கு எழுத்து எதுக்கு தம்பி? அவனுக்குக் காசே பேசிடும். இல்லைன்னு சொல்றதுக்குத்தான் ஒரு ஆள் வேணும்."

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். அவர் தனியாக மேசையில் உட்கார்ந்து எழுதுவார். எழுதி முடித்து மை காய்ந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மூன்று மணிக்குத் தபால் போகும்.

போன வருடம் மழைக்கு முந்தைய கூட்டத்தில் வந்தது படிக்கட்டு மனு. குன்றுச் சரிவில் அறுபத்தொரு வீடுகள். மேலே போக வண்டிப் பாதை கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மேலே குடியிருக்கும் வெல்டர் ஒருவர் எழுதியிருந்தார்: கம்பி வாங்கப் பணம் தந்தால் போதும், கைப்பிடி வைக்கும் வேலையைத் தானே கூலியில்லாமல் செய்கிறேன் என்று. போன மழையில் நான்கு பேர் வழுக்கி விழுந்தார்களாம். ஒருவர் பிழைக்கவில்லை.

காலையில் தலைவர் அந்தக் கோப்பைக் கையில் ஏந்தினார். "எரநூத்தி எழுவது" என்றார். வழக்கமாக அதோடு கீழே வைத்துவிடுவார். அன்று கை கொஞ்சம் நின்றது. "என்னமோ ஒரு பக்கமா சாயுதே."

"படிக்கட்டு மனுவாச்சே மேடம், சாயத்தான் செய்யும்" என்றார் இன்ஜினியர் சார்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டு நாடாவை அவிழ்த்தார். முதல் தாளில் செயலாளரின் குறிப்பு இருந்தது: பாதி வீட்டுக்காரர்களாவது சம்மதித்துக் கையெழுத்திட்ட பட்டியல் வேண்டும், இணைக்கப்படவில்லை. கோப்பு மேசையைச் சுற்றி வந்தது. 'படித்தேன்' என்ற வார்த்தைக்குக் கீழே ஏழு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். முடிவு: மறுக்கப்பட்டது. பதிவேட்டில் ஏறியது. மறுக்கப்பட்ட மனுவை இரண்டு வருடத்துக்குத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

மதியம் தலைவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். உதவியாளர் அந்தக் கோப்பைப் பதிவறைக்கு எடுத்துப்போனாள். நாடாவைச் சரியாகக் கட்டுவதற்காக ஜன்னலோரம் வைத்துத் திறந்தபோது, கடைசியில் ஒரு தடித்த தாள் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய நாள்காட்டியின் பின்பக்கம். மடிப்பு பிரியாமல் இருக்க யாரோ ஓரத்தில் சிவப்பு நூலால் இரண்டு தையல் போட்டு முடிச்சிட்டிருந்தார்கள். வீட்டில் ரவிக்கை தைக்கிறவள் அவள். முடிச்சு போட்டவர் விட்டபடியே இருந்தது. நூல் அறுபடவில்லை. அந்தத் தாளை யாரும் திறக்கவில்லை.

மடிப்பின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே பென்சில் கோடுகளும், ஒரு பெருவிரல் ரேகையும் தெரிந்தன.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்த அறையில் இத்தனை வருடத்தில் 'தண்ணி வைக்கட்டுமா' என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. இப்போது போய் என்ன சொல்வது? ஏழு பேரும் படிக்காமலே படித்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றா? அதுவும் தராசம்மாவிடமா? சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். மழை மேகம் குன்றுப் பக்கம்தான் கூடிக்கொண்டிருந்தது. அவள் அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தட்டில் ஒரு குவளைத் தண்ணீரையும் அதன் பக்கத்தில் கத்தரிக்கோலையும் வைத்தாள். கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள்.

தலைவர் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி சரி. இது எதுக்கும்மா?"

உதவியாளர் கோப்பின் கடைசித் தாளைத் திருப்பி வைத்து, முடிச்சின் மேல் விரலை வைத்தாள். "நூலு மேடம்" என்றாள். "இன்னும் வெட்டலை."

தலைவர் பேனாவை மூடினார். கோப்பை இடது கையில் எடுத்தார். கண்ணை மூடினார்.

"காலையிலேயே கை சொல்லிச்சு. நான்தான் கேக்கலை."

அவரே நூலை வெட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து தாளை விரித்தார்கள். அது மேசையின் அகலத்துக்கு விரிந்தது. குன்று, படிகள், வீடுகள். ஒரு படி விடாமல் முந்நூற்றுப் பன்னிரண்டும் வரைந்திருந்தது. ஒவ்வொரு வீடும் அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த வீட்டுக்காரரின் கையெழுத்து; எழுதத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகை. பட்டியல் போடத் தெரியாமல், அவரவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தலைவர் விரலை வைத்து அடிப்படியிலிருந்து மேலே எண்ணிக்கொண்டே போனார். அறுபது. உச்சியில் ஒரு கட்டம் மட்டும் காலி. அதற்குள் சின்ன எழுத்தில், 'இங்கு இருந்தவர்தான் விழுந்து இறந்தவர்' என்று எழுதியிருந்தது.

உதவியாளர் தன்னை மறந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் அந்தக் காலிக் கட்டத்தின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

இரண்டரை மணிக்கு உறுப்பினர்கள் திரும்பி வந்தபோது படம் அப்படியே விரிந்து கிடந்தது. ஒருவரும் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார்கள். செயலாளர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "பதிவேட்டுல ஏறிடுச்சே மேடம். இனி ரெண்டு வருஷம் கைவைக்க முடியாது."

"வேற வழியே இல்லையா தம்பி?"

"ஒண்ணு இருக்கு. தப்பு எங்க மேலதான்னு வாரியமே எழுதிக் கையெழுத்துப் போட்டா திரும்ப எடுக்கலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை. எழுதினா வாசல்ல அறிவிப்புப் பலகையில ஒரு மாசம் ஒட்டணும்."

"ஊரே சிரிக்கும் மேடம்" என்றார் இன்ஜினியர் சார். "பட்டியல் இல்லைன்னு குறிப்புல இருந்துச்சு. நம்பினோம். இதுல நம்ம தப்பு என்ன இருக்கு?"

"குறிப்பை நம்பினேன்னா எழுதியிருக்கு? படித்தேன்னு இல்ல எழுதியிருக்கு. அதுக்குக் கீழதானே போட்டீங்க? நானும் அங்கதான் போட்டேன். எனக்கு இன்னும் மோசம். சாயுதுன்னு தெரிஞ்சும் போட்டேன்."

"மேடம், நம்ம பேரு..."

"அந்தப் படியில ஏறுறவங்களுக்குத் தினம் மூச்சு வாங்குது சார். நமக்கு ஒரு மாசம் முகம் சிவந்தா ஒண்ணும் குடிமுழுகாது." ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டார். "முதல்ல நம்ம கல்லைப் பாப்போம்."

கைப்பட எழுதினார். கோப்பிலிருந்த ஒரு தாளைத் திறக்காமலே ஏழு பேரும் படித்ததாகக் கையெழுத்திட்டோம், தவறு எங்களுடையது. அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை. முதல் கையெழுத்து அவருடையது. அடுத்துக் கால்நடை மருத்துவர் வாங்கினார். "நான் தூங்கிட்டேன்னும் சேத்து எழுதுங்க மேடம், அதான் நெசம்" என்றபடியே போட்டார். யாரோ சிரித்தார்கள். இறுக்கம் தளர்ந்தது. தாள் சுற்றிவந்தது. இன்ஜினியர் சார் பேனா மூடியைக் கொஞ்சநேரம் கடித்தார். காலிக் கட்டத்தை மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு கடைசி ஆளாகப் போட்டுவிட்டு, "அதுசரி, இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

உதவியாளர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

"கத்தரிக்கோல் சொல்லிச்சு" என்றார் தலைவர். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மனு மறுபடி எடுக்கப்பட்டது. ஏழு தலைகளும் அசைந்தன. மணி மூன்றுக்குத் தபால்காரர் வந்தபோது அந்த மறுப்புக் கடிதம் பைக்குள் போகவில்லை. தலைவர் அதைக் கிழிக்கவும் இல்லை. படத்தின் மேல் வைத்து, கோப்புக்குள்ளேயே சேர்த்து நாடாவைக் கட்டினார். "இதுவும் எடையில சேரட்டும்."

வாசலில் ஒட்டிய தாளை ஒரு மாதம் எல்லாரும் நின்று படித்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள். எதிர்ப்புறத் தேநீர்க் கடைக்காரர் டம்ளர் நீட்டும்போதெல்லாம், "நல்லாத் திறந்து பாத்துக் குடிங்க சார்" என்று இன்ஜினியர் சாரை வாரினார். மழை முழுதாகப் பிடிப்பதற்குள் வெல்டர் மேற்பாதிப் படிகளுக்குக் கம்பி வைத்துவிட்டார். பள்ளம் ஆழமான பக்கம் அதுதான். மீதி மழைக்கு அப்புறம் முடிந்தது.

இன்று குன்றில் அடியிலிருந்து உச்சி வரை கைப்பிடி இருக்கிறது. தலைவரின் பதவிக்காலம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கோப்பு வந்தால் இப்போதும் இடது கையில் ஏந்திக் கண்ணைப் பாதி மூடி எண்ணைச் சொல்கிறார். உதவியாளர் தண்ணீர் வைக்கும் தட்டில் ஏழு குவளைகளோடு எட்டாவதாகக் கத்தரிக்கோலும் வருகிறது. தலைவர் கடைசித் தாளைத் திருப்பி, மடிப்புகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கோப்பையும் கத்தரிக்கோலையும் சேர்த்தே பக்கத்து நாற்காலிக்குத் தள்ளுகிறார்.