சத்தமில்லாமல் இறங்கிய மேகம்

சென்னையில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்குக் கணவரோடு மூன்று நாள் கோயமுத்தூரைச் சுற்றிப் பார்க்க வந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே பக்கத்துப் பெரியநாயக்கன்பாளையம்தான். ஆனாலும் வெளியூர்க்காரி மாதிரி ‘சுற்றிப் பார்க்க’ என்றுதான் சொன்னாள். முதல் நாள் மருதமலை, மறுநாள் கடைவீதியில் சேலை. மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு நான் இசை நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன்.

“நாடகமெல்லாம் மெட்ராஸ்லயே பாத்து அலுத்துப்போச்சுங்கண்ணி. இங்க மில்லும் மோட்டாரும் உட்டா வேற என்னங்க இருக்குது?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “உங்கண்ணன் செஞ்ச மோட்டாரு ஒண்ணு மேடையில ஓடப்போகுது அம்மணி. அதைப் பாக்கத்தான் போறோம்,” என்றேன். எதற்கு, எப்போது என்று சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கிரைண்டர் மோட்டாரும் பம்புசெட்டும் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அந்த நாடகத்தில் ஒரு கந்தர்வன் மேகத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வானத்திலிருந்து இறங்க வேண்டும். ஆட்கள் கயிறு பிடித்து இறக்கினால் மேகம் குலுங்கும், கூடவே பாட்டும் குலுங்கும். அதனால் நாடகக்காரர்கள் முன்பே எங்கள் பட்டறையைத் தேடி வந்திருந்தார்கள். இவர் ஒரு கிரைண்டர் மோட்டாரைப் பொருத்தி, ஆளின் கனத்துக்கு ஈடாக மறுபக்கம் இரும்பைக் கட்டி, முதலில் தானே உட்கார்ந்து ஏறி இறங்கிப் பார்த்தார்.

குலுக்கல் நின்றது, சத்தம் நிற்கவில்லை. ஒத்திகையில் மேகம் பாதி இறங்கும்போதே கந்தர்வனாக நடித்த பாடகர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “ஏனுங்க, பாடறது நானுங்களா, உங்க மோட்டாருங்களா?” என்று கேட்டார். முதல் ஆட்டத்திலும் இப்படி உறுமினால் மேகத்தைக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன் என்றும் சொன்னார். கோபமே இல்லாமல், அத்தனை மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டால் முடிவாகச் சொல்லியாயிற்று என்று அர்த்தம்.

இவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்று கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஏன் இப்படி அமைதியா ஓடுது?” என்றார்.

“அடியில சாக்கை மடிச்சுப் போட்டிருக்கறனுங்க. இல்லீன்னா பக்கத்து ஊட்டுக் கொழந்தை எந்திரிச்சுக்குது.”

குனிந்து பார்த்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். சத்தம் போட்ட பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு பெல்ட் மாட்டினார். மோட்டாருக்கு அடியில் ரப்பர், அதற்கும் கீழே மடித்த சாக்கு வைத்து முடுக்கினார். சாக்கு என்னுடைய யோசனை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம், முதல் ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்திருந்தது. நாத்தனார், அவள் கணவர், நான் மூவரும் நடுவில் உட்கார்ந்தோம். இவர் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் சுவிட்சில் கை வைத்து நின்றார். கந்தர்வன் வரும் இடத்தில் மிருதங்கம் ஓய்ந்தது. விருத்தம், தாளமே கிடையாது. ஈ பறந்தாலும் கேட்கும். மேலேயிருந்து குரல் மட்டும் முதலில் வந்தது. நான் மேகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆர்மோனியம் கேட்டது, பின்வரிசையில் யாரோ இருமியது கேட்டது, என் கை வளையல்கூடக் கேட்டது. மோட்டார் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கந்தர்வன் மேடையில் கால் ஊன்றியிருந்தான். அரங்கமே கை தட்டியது. பாடகர் சபையைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்திரைப் பக்கம் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டார். அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

நாடகம் முடியப்போகும் நேரத்தில் நாத்தனார் என் காதருகே சாய்ந்தாள். “பாட்டெல்லாம் அருமைங்கண்ணி. அந்த மேகம் எறங்குச்சே, அது ஒண்ணுக்கே வந்தது தகும். ஆனா மோட்டாரு மோட்டாருன்னீங்களே, அது எப்பங்க ஓடும்?”

“அதை உங்கண்ணனையே கேளு அம்மணி,” என்றேன். கூட்டம் கலைந்ததும், கையில் கிரீஸோடு இவர் எங்களைத் தேடி வந்தார். “உங்க தங்கச்சிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமாமுங்க,” என்றேன்.

“ஏனுங்கண்ணா, உங்க மோட்டாரு கடைசி வரைக்கும் ஓடவே இல்லீங்களே?” என்று அவள் பாவமாகக் கேட்டாள்.

இவர் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கம் காதைச் சாய்த்தார்.

“இன்னொருக்கா கேளு கண்ணு,” என்றார்.