போத்தலுக்குள் ஒரு போன்

போன கிழமை துறைமுகப் பக்கம் ஒரு போன் கடையில் நின்றேன். போனுக்கு ஒரு கவர் வாங்கத்தான். ஏற்கெனவே இரண்டு கவர் இருக்கிறதே என்று வீட்டில் கேட்டார்கள்... நீங்களும் கேட்காதீர்கள்.

கடைக்காரர் றிஸ்வான் கிண்ணியாக்காரர். போனைக் கழற்றிப் பூட்டியபடியே உலக நடப்பும் பேசுவார். அன்றைக்கு அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். விலை கூடிய போன் செய்கிற பெரிய கம்பனி, நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று மலிவாக ஒன்று விற்க வேண்டுமா, வேண்டாமா?

"வித்தா அவங்கட பேர் போயிரும் சேர். எல்லார்ட கையிலயும் இருந்தா, பிறகு அத ஆரு ஆசப்பட்டு வாங்குவாங்க?" என்றார் றிஸ்வான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒருவருடைய பெருமை குறையக்கூடாது என்பதற்காக மற்றவர்கள் நல்ல போன் இல்லாமல் இருப்பதா? என்ன நியாயம் இது? முழங்கித் தள்ளினேன் — கையில் அதே விலை கூடிய போனைப் பிடித்தபடி! கனடாவிலிருந்து தம்பி அனுப்பியது. தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். அது இதுவரை கண்ட தண்ணீர், மேசையில் கொட்டிய தேநீர் மட்டும்தான்.

அந்த நேரம் ஒரு பெண் உள்ளே வந்தார். பெயர் யோகம். ஊர் சாம்பல்தீவு. கணவர் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். கணவருடைய போனைத் திருத்தக் கொடுத்திருந்தார்களாம், வாங்க வந்திருக்கிறார். கையில், கடைகளில் டொபி இனிப்புப் போட்டு வைப்பார்களே, அந்த வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல்.

"போத்தல் என்னத்துக்கு?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"போனை இதுக்குள்ள போட்டு, இறுக்கி மூடி, போட்டில கட்டிவிடுவார் அண்ணை. தண்ணி போகாது."

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது?"

"கதைக்கிறேல்லை. ரிங் போனாக் காணும்."

விஷயம் இதுதான். விடிந்ததும் யோகம் ஒரு கோல் எடுப்பார். இரண்டு ரிங் போனதும் வெட்டிவிடுவார். ரிங் போனால் மனிசன் பத்திரம் என்று கரையில் இவருக்கு நிம்மதி. போத்தலுக்குள் போன் இரண்டு தரம் அடித்து நின்றால், வீட்டில் எல்லாரும் சுகம் என்று கடலில் அவருக்கு நிம்மதி. ஒரு வார்த்தை பேசாமல் இப்படி ஒரு குடும்பம்! நாங்கள் மணிக்கணக்காகக் கதைத்து என்னத்தைக் கண்டோம்?

ஆனால் போன் பழுதான அன்று விடிய, கிளிவெட்டியில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. சந்தோஷத்தில் யோகத்துக்கு வெட்ட மனம் வரவில்லை. விடாமல் அடித்தார்.

நிற்காமல் அடிக்கிற போனைக் கேட்டால் கடலில் இருக்கிறவர் என்ன நினைப்பார்? வீட்டில் ஏதோ நடந்துவிட்டது! பதறிப்போய் ஈரக் கையோடு மூடியைத் திறந்திருக்கிறார். ஒரு அலை. 'ஹலோ' சொல்வதற்குள் போன் செத்துவிட்டது.

கரையில் யோகத்துக்கு இப்போது ரிங்கே போகவில்லை.

"நான் கரையில நிண்டு அழுறன் அண்ணை. அவர் வலையைப் பாதியில இழுத்துப்போட்டு ஓடி வாறார். போட்டால குதிச்சவுடனே 'ஆருக்கு என்ன?' எண்டு கத்துறார். பேரன் பிறந்திருக்கிறான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நீங்கள் கதைச்சது வெளியில கேட்டது தம்பி" என்று றிஸ்வானிடம் திரும்பினார். "தண்ணி போகாத போன் மலிவா வருமோ?"

றிஸ்வான் தலையைச் சொறிந்தார். "மலிவா வந்தாலும் அக்கா, விலயக் குறைக்கிறதுக்கு எதயாவது எடுக்கத்தானே வேணும்? கெமரா நல்லா இல்லாட்டி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. தண்ணி போகாம அடைக்கிறதத்தான் முதல்ல விடுவாங்க."

"கெமராவை வச்சு நான் என்ன செய்யிறது? அதைக் கழட்டிப்போட்டு மற்றதைத் தர ஏலாதோ?"

கம்பனியின் பெருமையைப் பற்றி றிஸ்வான் பேசினார், நியாயத்தைப் பற்றி நான் பேசினேன். வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அந்தப் பெரிய கம்பனியிலாவது யாரும் கேட்டிருப்பார்களா? மலிவாக விற்கட்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் எதைக் கழற்றுவது என்பதை யோகத்திடம் கேட்டுவிட்டுக் கழற்றட்டும்.

திருத்திய போனை யோகம் வாங்கினார். அங்கேயே போத்தலுக்குள் போட்டு, பலம் கொண்டமட்டும் மூடியைத் திருகினார். இலக்கத்தைச் சொல்லி, "அண்ணை, ஒருக்கா கோல் எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். கண்ணாடி ஷோகேஸுக்குள் விலை கூடிய போன்கள் எல்லாம் சத்தமில்லாமல் கிடக்க, அதன் மேலே போத்தல் கிணுகிணுத்தது. றிஸ்வான் பழக்கதோஷத்தில் மூடியைத் திறக்கக் கை நீட்டினார். யோகம் சட்டென்று போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"திறவாதைங்கோ தம்பி!"

இரண்டாவது ரிங் போனதும் நான் வெட்டிவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம்.