ஹாரன் அடிக்காத வண்டி

ஹாரன் அடிக்காமல் ஷேர் ஆட்டோ ஓட்டச் சொன்னால் எவனும் சிரிப்பான். என்னை ஆறு வருஷமாக அப்படி ஓட்ட வைத்தாள் கோவிந்தம்மாக்கா. மகன் துளசிராமனை மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் நாளில் வண்டிக்கு முன்னால் வந்து கையை நீட்டுவாள். "நைனா, இன்னிக்கு ஆரன் அடிக்காத. சத்தம் கேட்டா புள்ள காதைப் பொத்திக்கினு கீய குந்திடுவான்." ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் வரை பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியாது. மாதம் தவறாமல் எனக்கு இந்தத் தண்டனை.

"இன்னா டிரைவரே, பொணம் ஏத்திக்கினு போறியா?" என்று கடைசி சீட்டிலிருந்து எவனாவது கேட்பான். "அவசரம்னா எறங்கி ஓடு" என்பாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முக்கால் ஏக்கர் நெல் வைத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. தினக் காலண்டரில் கிழிக்கிற தாள்தான் அவளுக்கு நோட்டு. பிள்ளை தூங்கினால் மஞ்சள் பொட்டு, தூங்காவிட்டால் கரிக்கோடு, மாத்திரையைத் துப்பினால் தாளின் மூலையில் ஒரு கிழிசல். முப்பது தாளை ரப்பர் பேண்டில் கட்டி டாக்டரிடம் காட்டக் கொண்டுபோவாள். அறை வாசலிலேயே, "நீ வெளிய இரும்மா" என்பார்கள். கட்டு அவிழாமல் திரும்பும்.

"யாராச்சும் பாத்தாங்களாக்கா?"

"அடுத்த தபா பாப்பாங்க."

போன மாதம் கரிக்கோடு அதிகமாகி, அவனை வார்டில் சேர்த்தாள். நான்காம் நாள் மதியம் தயிர்சோறு டப்பாவோடு போனாள். நானும் கூடப் போனேன். கட்டில் காலி.

"காலையிலயே டிஸ்சார்ஜ். பெரிய ஆளு, அவரே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு" என்றார் நர்ஸ்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா?"

நர்ஸ் ஃபைலைப் புரட்டினார். "துணைக்கு யாரும் இல்லன்னுதான் இதுல போட்டிருக்கு."

ஆறு வருஷம் டாக்டர் அறைக் கதவுக்குப் பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், சோற்று டப்பாவோடு எதிரிலேயே நிற்கிறாள்.

போலீசில் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. துளசிராமன் கிடைக்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு மனு எழுதச் சொன்னாள். நான் அஞ்சாங்கிளாஸ், வண்டி சீட்டில் பேப்பரை வைத்துக் கோணல்மாணலாக எழுதினேன். 'என் மகனைக் காணவில்லை' என்று ஆரம்பித்ததுமே என் கையைத் தட்டிவிட்டாள்.

"அத்த போலீசுல சொல்லியாச்சு. இதுல, என்னை ஒரு நாளும் கேக்கலன்னு எழுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், மூணு நாளா தூங்காதவன தனியா வுடக்கூடாதுன்னு. அத்த எழுது."

காலண்டர் தாள்களையும் மனுவோடு சேர்த்துக் குத்திக் கைநாட்டு வைத்தாள். மனு வாங்கிய கிளார்க், "பேஷண்டுக்கு நீ யாரும்மா?" என்றார்.

"வெளிய இருந்தவ."

திரும்பும்போது பின்சீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டினேன். என் கையைப் பிடித்து ஹாரன் மேல் வைத்து அழுத்தினாள்.

"அடி நைனா. ஸ்டாப்பு ஸ்டாப்பா அடிச்சிக்கினே போ. எவன் காதைப் பொத்திக்கினு கீய குந்துறானோ, அவன்தான் எம்புள்ள."