வெர்போவ்ஸ்குக்கு என்று எழுதிய பெட்டிகள்

வெற்றி நாள் மாலையில் ஊரே வாணவேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்குப் போகும். கிளஃபீரா மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு, வானொலியையும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். வயதாகிவிட்டது, சத்தம் ஆகாது என்று பக்கத்து வீட்டார் பேசிக்கொள்வார்கள். பீரங்கி அடியிலேயே கிடந்தவளுக்குச் சத்தமா ஆகாது? அவள் பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவள் நான். எனக்குத் தெரியும்.

போருக்கு முன் அவள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்தவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் போகும். போர் வந்ததும் எங்களை மாஸ்கோவில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் போட்டார்கள். நம் ஆட்கள் ஊர் ஊராக மீட்கத் தொடங்கியபோது எங்களுக்குப் புது வேலை வந்தது. ஒவ்வொரு ஊர் கைக்கு வந்ததும் மாஸ்கோவில் பீரங்கி மரியாதை. தோட்டாவுக்குள்ளே வெறும் வெடிமருந்து, குண்டு கிடையாது; சத்தம் மட்டும் வரும்.

"ஊரப் பிடிக்கிறவன் சேத்துல கெடக்குறான், நாம இங்க வாணவேடிக்கை விடுறோம்" என்று அவள் பொருமுவாள். போர்முனைக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்தை நச்சரித்தாள். கடைசியில் எங்கள் பிரிவைப் போர்முனையிலிருந்த மேஜர் லபூஹினிடம் தள்ளிவிட்டார்கள்.

மேஜரின் திட்டம் நல்ல திட்டம், அதை நான் மறுக்க மாட்டேன். ஊர் நம்மிடம் விழுந்த கையோடு எதிரி விமானங்கள் வந்து பாலத்தையும் ரயில் நிலையத்தையும் நொறுக்கும். ஆகவே ஊரைப் பிடிக்கும் முன்பே எந்தப் பீரங்கி எந்த மேட்டில் என்று முடிவு செய்து, குண்டுப் பெட்டிகளை அந்த ஊர்ப் பெயரிலேயே ஒதுக்கி, முத்திரை வைத்துவிட வேண்டும். ஊருக்குள் போகும்வரை முத்திரையை யாரும் தொடக்கூடாது. எங்கள் பெட்டிகளில் "வெர்போவ்ஸ்குக்கு" என்று பெரிதாக எழுதியிருந்தது.

வெர்போவ்ஸ்க் விடியற்காலையில் விழுந்தது. காலையிலேயே நாங்கள் மேட்டில் நின்றோம். கீழே காயம்பட்டவர்களோடு ஒரு ரயில், பாலம் சரியாகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. கிளஃபீரா இறங்கிப் போய் ரயிலில் பெட்டி பெட்டியாகச் சொல்லிவிட்டு வந்தாள்: "நிம்மதியாப் படுங்க தம்பிங்களா. மேல நாங்க இருக்கோம்." இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்டிருந்த ஒருவன், தீமஃபேய், தன் பங்குச் சர்க்கரைக் கட்டியை அவள் கையில் திணித்தான்.

பிறகு முத்திரையை உடைத்தோம். எல்லாம் வெறும் வெடிமருந்து. ஒவ்வொன்றின் முனையிலும் குண்டுக்குப் பதில் அட்டை மூடி.

மேஜர் முகம் வெளுத்துவிட்டது. "வெர்போவ்ஸ்குக்குன்னுதானே எழுதியிருக்கு!"

"ஆமா தோழர் மேஜர், வெர்போவ்ஸ்குக்குத்தான். மாஸ்கோவுல வெர்போவ்ஸ்குக்காக மரியாதை முழங்கறதுக்கு" என்றாள் கிளஃபீரா. "கிடங்குக்காரனுக்கு ரெண்டு வெர்போவ்ஸ்க், பெட்டிய மாத்தி அனுப்பிட்டான். நம்ம குண்டு மாஸ்கோவுல உக்காந்திருக்கு."

"வாயை மூடு!"

"நான் மூடிக்கிறேன். அவன் மூடுவானா?" என்று மேற்கே காட்டினாள். இரைச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது.

வேறு வழியில்லை, வெறும் மருந்தையே சுட்டோம். முதல் தடவை விமானங்கள் பயந்து விலகின, குண்டுகள் சதுப்பில் விழுந்தன. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் வானத்தில் ஒரு புகைத்திட்டுகூட வெடிக்காததை அவர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? திரும்பி வந்தபோது கூரையை உரசுகிற மாதிரி தாழ்வாக வந்தார்கள். கிளஃபீரா நிறுத்தவில்லை. அழுதுகொண்டே, "போடுடி, போடு" என்று கத்தினாள். போட்டேன். பாலம் போயிற்று. ரயிலில் பாதி எரிந்தது. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஊர் விழுந்த அன்றே வான்பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தது என்று மேலே எழுதிப் போட்டு, எங்களுக்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

தீமஃபேய் பிழைத்திருந்தான். மாலையில் நடைமேடையில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் குரலைக் கேட்டதும் கையை நீட்டி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா சுட்டீங்கக்கா. விடாம கேட்டுக்கிட்டே இருந்தேன். எத்தனை விழுந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு" என்றாள்.

அதே நேரம் கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வெர்போவ்ஸ்கை மீட்ட வீரர்களுக்கு மாஸ்கோவின் மரியாதை என்று அறிவித்தார்கள். தொடர்ந்து பீரங்கிகள் முழங்கின. தீமஃபேய் தலையைத் தூக்கிக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, அச்சு அசல் உங்க பீரங்கி மாதிரியே இருக்கு" என்றான்.