இடது பெட்டியில் மோதிரம்

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே என் கணவர் கப்பலேறிவிட்டார். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். போனில் பேசுவதற்கு எங்களிடம் அதிகம் இல்லை. சாப்பிட்டியா, என்ன குழம்பு, அம்மா மாத்திரை போட்டாளா, அங்கே வெயிலா? இவ்வளவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள்தான் அவர் ஒரு லிங்க் அனுப்பினார்.

"ஜப்பான் மாங்கா. படிச்சுப் பாரு. பிடிக்கலன்னா விட்ரு."

பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த மாமி, அவருடைய அம்மா, "ஜப்பான்ல மாங்கா என்ன வெலையாம்?" என்று கேட்டாள். படக்கதை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

அது சூதாட்டக் கதை. பணம் வைத்து ஆடுவதில்லை. தோற்றவன் பெயரை, வீட்டை, தெரிந்த மனிதர்களை எல்லாம் விட்டுவிட்டு எங்கோ போய் வேறொருவனாக வாழ வேண்டும். ஒருவன் மோதிரத்தை இடது பெட்டியிலோ வலது பெட்டியிலோ ஒளிப்பான். எதிரே இருப்பவன் ஒரு பெட்டியைத் திறப்பான். மொத்தம் ஐந்து சுற்று. ஐந்திலும் கண்டுபிடித்துவிட்டால் ஒளித்தவன் தொலைந்தான். ஒளிப்பவனுக்குச் சாதகமான ஆட்டம்தான். ஆனால் எதிராளி முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுகிறவன். நம் ஆள் நான்கு சுற்றும் இடது பெட்டியிலேயே மோதிரத்தை வைத்தான். நான்கு முறையும் எதிராளி யோசிக்காமல் இடதைத் திறந்தான். ஐந்தாவது சுற்றில் நம் ஆளின் கை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தப் படத்தோடு, வரைபவருக்கு முதுகுவலி என்று கதையை நிறுத்திவிட்டார்கள். எப்போது திரும்பும் என்ற தகவல் இல்லை.

இந்தக் கதைக்கென்றே இருந்த டெலிகிராம் குழுவில் நானும் சேர்ந்தேன். உலகம் முழுக்க ஆட்கள். பெட்டிக்கு அடியில் இன்னொரு அறை இருக்கிறது என்றான் ஒருவன். ஹீரோ தோற்கத்தான் வந்திருக்கிறான், பழைய வாழ்க்கையிலிருந்து தப்பிக்க இதுதான் வழி என்று இன்னொருத்தி பக்கம் பக்கமாக எழுதினாள். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, அதை எழுதிப் போட்டேன். நான்கு முறை வேண்டுமென்றே தோற்று எதிராளியைப் பழக்குகிறான். ஐந்தாவது முறை கட்டாயம் மாற்றுவான் என்று எதிராளி நினைப்பான். அப்போதும் இடதிலேயே வைப்பான்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பிளானும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பயத்துல கை ஒரே பக்கமா போவுது. அவ்வளவுதான்."

"ஹீரோ பயப்படுவானா?"

"ஏன், பயப்படக் கூடாதா? பயந்தவன் செஞ்சதையேதான் திரும்பத் திரும்பச் செய்வான். நீ பாத்துக்கிட்டே இரி."

அவர் குரல் எரிச்சலாக இருந்தது. ஒரு படக்கதைக்காக ஏன் இவ்வளவு என்று தோன்றியது. மறுநாள், கப்பலில் இன்டர்நெட் வேலை நடக்கிறது, கொஞ்ச நாள் பேச முடியாது என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை. எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது எங்களுக்கு அன்றாடம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய கப்பலின் பெயரைத் தட்டினேன். செங்கடலின் வாயில் ஒரு புள்ளி. அதன் கீழே, சிக்னல் இல்லை, இது கடைசியாகத் தெரிந்த இடம் என்று இருந்தது. சரக்குக் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று டிவியில் காட்டிய கடல் அது. அந்த வழியாகப் போகும் கப்பல்கள் சிக்னலை அணைத்துவிட்டுத்தான் போகும் என்பது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். மாமியிடம் சொல்லவும் முடியவில்லை. அவள் மகன் கேப் டவுன் பக்கம் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து நிம்மதியாக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. பில்லில் கண்டெய்னர் நம்பரை மாற்றி அடித்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புள்ளி அங்கேயே இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் கதை திரும்ப வந்தது. குழுவில் ஒரே கூச்சல். ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். ஐந்தாவது முறையும் இடதுதான். எதிராளி அவன் முகத்தை வெகுநேரம் பார்க்கிறான், வலதைத் திறக்கிறான், பெட்டி காலி. நான் எழுதியதை எடுத்துப் போட்டு யார் யாரோ பாராட்டினார்கள். சொல்ல வேண்டியவர் இல்லை. போனைப் பையில் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்தையில் நிற்கும்போது அழைத்தார்.

"கதை வந்துட்டா?" இதுதான் முதல் பேச்சு.

"எங்க இருக்கீங்க?"

"ஏன், இன்னைக்குச் சூயஸ்."

"கேப் டவுன் வழியா சூயஸுக்குப் போனீங்களோ?"

"வெப்சைட்டப் பாத்தியா?" என்றார்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"சொன்னா நீ அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பன்னு சொல்லல."

"சொல்லாமலும் அதையேதான் பாத்தேன்."

கீரைக்காரம்மா மீதிச் சில்லறையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்தாள். வாங்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தேன்.

"எஞ்சின் ரூம்ல இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது," என்றார் அவர். "மேல என்ன நடக்குன்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க. நான் ஆயில் பிரஷர் மீட்டர் முன்னாலயே நின்னேன். முள்ளு ஆடக்கூட இல்ல. அதையே பாக்கேன், திரும்பிப் போறேன், மறுபடியும் வந்து அதையே பாக்கேன். செகண்ட் எஞ்சினியர் வந்து, 'போய்ப் படு'ன்னு சொல்லியும் போகல."

நான் கதையைப் பற்றிப் பேசவில்லை. அவர்தான் விடாமல் கேட்டார். சொன்னேன். "நீ ஜெயிச்சிட்ட," என்றார். கூடவே, "ஆனாலும் அவன் பயந்துதான் வெச்சான். நான் சொல்லுதேன் பாரு," என்றார். அன்றைக்கு நான் மறுத்துப் பேசவில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தவர் உடம்பு இளைத்திருந்தார். கரையிலேயே ஏதாவது வேலை பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கேட்டும் வந்தார், சரிப்படவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்தத் தடவையும் அந்த வழிதான்," என்று எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார்.

மாமி குழம்பு ஊற்றும் கையை நிறுத்தவில்லை. "எந்த வழி?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் என் போனை எடுத்து வந்து, செங்கடலை விரித்து அவளுக்குக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போடாமலே அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

இப்போது சிக்னல் அணையும் நாள் மாமிக்கும் எனக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிவதால் மனசு லேசாகிவிடவில்லை. மாமி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். நான் அவளுக்கு வழிவிட்டு நடக்கிறேன்.