நாளைக்காக வாங்கிய மதர்போர்டு

கணினிக் கடைத் தொழிலில் பொருளை எடுத்துக் கொடுப்பது கால் வேலை; வாங்க வந்தவர் மனத்தில் முடிவு விழும்வரை காத்து நிற்பது முக்கால் வேலை. பாளையங்கோட்டையில் என்னுடையது சின்னக் கடை. பழைய கணினிகளைப் புது விளையாட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தருவேன். பிராசசர் என்பது கணக்குப் போடும் சில்லு. மதர்போர்டு, அந்தச் சில்லு உட்காரும் பலகை. இவை இரண்டையும் தேர்ந்தெடுக்கத் தவித்தவர்களுக்கும், அப்படித் தவித்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

மோதிரப் பெட்டியில் வந்த சில்லு

திசையன்விளையில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என் வாடிக்கையாளர். சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். முழங்கால் வலியால் ஓட்ட முடியாது. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள, வீட்டுக் கணினியில் லாரி ஓட்டி விளையாடுவார். வளைவு திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நகர்கிறது என்று, வெளிநாட்டில் இருக்கும் மருமகனிடம் சொல்லி ஒரு பிராசசரை வரவழைத்துவிட்டார். மோதிரப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதைக் கொண்டுவந்தார்.

அவருடைய பலகையில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு வகைப் பிராசசருக்கும் தனி இருக்கை உண்டு. வேறு வகை அதில் உட்காராது. நான் படம் வரைந்துகூடக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் சரிவே. பைய ஒரு அமுக்கு அமுக்கிப் பாரும். போகாமலா இருக்கும்?"

மாடிக்குக் கம்பி

அவரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எஸ்தர் டீச்சரை நினைத்தால் வருவதில்லை.

டீச்சரின் தம்பி டேனியல் கத்தாரில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடுவார்கள். போனில் விசாரித்தால் 'நல்லா இருக்கேன்' என்று முடித்துக்கொள்கிறவன், விளையாடும்போது மட்டும் அங்கே படுகிற பாட்டையெல்லாம் தானாகச் சொல்லுவானாம். அவன் புது ஆட்டம் ஒன்றுக்கு மாறிவிட்டான். டீச்சரின் பழைய கணினியில் அது திறக்கவே இல்லை. கணவர் சாமுவேல் சாரோடு கடைக்கு வந்தார்.

அவர்கள் கொண்டுவந்த தொகைக்கு இரண்டு வழிதான். சாதாரணப் பலகையும் நல்ல பிராசசரும் வாங்கினால், வருகிற வெள்ளிக்கிழமையே நிம்மதியாக விளையாடலாம். உயர்ந்த பலகையும் சின்னப் பிராசசரும் வாங்கினால், இப்போதைக்குச் சமாளித்துவிட்டுப் பின்னால் பெரிய பிராசசராக மாற்றிக்கொள்ளலாம். நான் முதல் வழியைச் சொன்னேன். டீச்சரும் அதையே விரும்பினார். சார் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கே, பொறவு மாடி எடுக்கணும்னு மொட்டைமாடித் தட்டோட்டில கம்பியை நீட்டி விட்டிருக்கோம். இதை மட்டும் கம்பி விடாமப் பூசச் சொல்லுதீரா?"

வெள்ளிக்கிழமை

உயர்ந்த பலகைதான் போனது. ஆட்டம் திறந்தது, நகரத்தான் மறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், படத்தின் தரத்தைக் குறைத்து, நிழல்களை நீக்கி, என்னென்னவோ செய்து பார்த்தேன். எதிரிகள் பாய்ந்து வருகிற இடத்தில் திரை உறைந்துவிடும். அது மறுபடி அசையும்போது சண்டையே முடிந்திருக்கும்.

முன்பெல்லாம் ஊர்க்கதை, வேலைக்கதை என்று பேசிக்கொண்டே விளையாடியவர்கள், இப்போது 'தெரியுதா? இப்போ தெரியுதா?' என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார். ஒலிபெருக்கியில் டேனியல் சொன்னான்:

"யக்கா, நீ அந்தக் கதவுகிட்டயே நில்லு. எல்லாத்தையும் முடிச்சிட்டு நான் வந்து கூப்பிடுதேன்."

நிறுத்திவிட்ட வரிசை

அடுத்த போனஸில் பெரிய பிராசசர் என்று சார் சொல்லியிருந்தார். போனஸ் ஜன்னல்களுக்குப் போனது. அதற்கடுத்தது தண்ணீர்த் தொட்டிக்கு. ஒருவழியாக அவர் தனியாகக் கடைக்கு வந்தபோது, அந்த வரிசைப் பிராசசர்களையே தயாரிப்பாளர்கள் நிறுத்தியிருந்தார்கள். புதிதாக வந்தவற்றுக்கு இருக்கையே வேறு. நாளைக்கென்று வாங்கிய பலகைக்கு நாளை என்று ஒன்று வரவில்லை.

தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியிடம் விற்காமல் ஒன்று கிடந்தது. அனுப்பச் சொன்னேன். சார் ஸ்டூலில் உட்கார்ந்து, தலைக்கவசத்தின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அவ சண்டை போட்டாக்கூடத் தேவலைவே. ஒண்ணுமே சொல்ல மாட்டக்கா."

இலை

பிராசசர் வந்தது. நானே போய்ப் பொருத்தினேன். இருக்கையில் வைத்ததும் பைய இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆட்டத்தைத் திறந்தால் ஒரு திக்கல் இல்லை.

இடையில் டேனியலுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. டீச்சர்தான் முன்னின்று பெண் பார்த்தார். தம்பி மனைவியும் அவனோடு கத்தார் போய்விட்டாள். புது மாப்பிள்ளை விடுமுறை நாளில் மனைவியை வெளியே அழைத்துப் போவதுதானே முறை? அதில் யாரைக் குறை சொல்ல முடியும்?

சில வாரம் கழித்து டீச்சர் ஒரு மவுஸ் வாங்க வந்தார். பள்ளிக்கூட வேலைக்குத்தான். பில் போட்டுக்கொண்டே, கணினி நன்றாக ஓடுகிறதா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"மரத்துல இலை ஆடுதது கூடத் தெரியுது அண்ணாச்சி. ஒத்தையில எவ்வளவு நேரம் இலையைப் பாத்துட்டு இருக்க?"

வேகமான பிராசசர் வேண்டுமென்றால் எந்த ஊரிலிருந்தாவது வரவழைத்துத் தந்துவிடுவேன், வேளையோடு வந்து சேர்கிற பிராசசரைத்தான் இதுவரை யாரும் செய்ததாகத் தெரியவில்லை.